குடும்ப வரிசையைப் போர்வையாகப் பின்னிய அனுபவம்

தந்தை வழிக் குடும்பத்தில் எங்களுக்குத் தெரிந்த எல்லாத் தலைமுறையினரையும் ஒரே பருத்திப் போர்வையில் பட்டை பட்டையாகப் பின்னி வைப்பதென்று தம்பி மகளும் நானும் முடிவு செய்து, சென்ற ஆண்டு வேலையைத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு பட்டை. நிறத்தைப் பிறந்த ஊர் தீர்மானிக்கும்: மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் செங்கல் நிறம், ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பச்சை, சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு நீலம். வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும், பத்தாண்டு நிறையாவிட்டால் அந்தக் குறைக்கும், இரண்டு வரிசை. ஆகவே 73 வயது வரை இருந்தவருக்கு 16 வரிசை. ஒருவரையும் அடுத்தவரையும் பிரிக்க வெள்ளையில் இரண்டு வரிசை.

ஊசியைத் தொடுவதற்கு முன்பே ஒரு விதியையும் வகுத்துக்கொண்டோம். ஆதாரம் இல்லாமல் யாரையும் பின்னுவதில்லை. எழுத்தில் ஆதாரம் இருப்பவரின் பட்டை வழவழப்பாக இருக்கும். பெரியவர்கள் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே உள்ளவரின் பட்டைக்கு நடுவே துளை வரிசை ஒன்று ஓடும். பிற்பாடு தாள் ஏதேனும் கிடைத்தால் அந்தத் துளைகளில் சிவப்பு நூலைக் கோத்துவிடலாம், பின்னியதைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் சொன்னது, எந்தத் தாளில் இருக்கிறது, எந்த நாளில் பார்த்தோம் என்று எழுதி வந்தோம். போர்வை இல்லாமல் அந்த நோட்டு பயன்படும். நோட்டு இல்லாமல் போர்வை வெறும் வண்ணக் கோடுகள்தான்.

பின்னலை இளையவரிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சென்றோம். வேர் தேடுகிறவர்கள் பலர் ஊரில் கேள்விப்பட்ட பெரிய பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கப் பார்க்கிறார்கள். அப்படி இறங்கினால் நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும், அந்த இடைவெளியை ஆசை நிரப்பிவிடும். கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற குழந்தையிலிருந்து ஏறினால், அடுத்த படி எங்கே ஆட்டம் காண்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பின்னலுக்கும் இது வசதி. தொடக்க விளிம்பு இளையவரிடம் முடிந்துபோன ஒன்றாக இருக்கும். மேல் விளிம்பை மூடாமல் வைத்துக்கொண்டால், மூத்தவர் ஒருவர் கிடைக்கும்போதெல்லாம் தொடரலாம்.

நூல் விஷயத்தில் கம்பளியை நான் தொடவே இல்லை. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் அலமாரிக்குள் மடித்து வைத்த கம்பளியில் பூஞ்சை பிடிக்கும், அந்துப்பூச்சியின் புழு அதைத் தின்றுவிடும். பல ஆண்டு இருக்க வேண்டிய பொருளுக்கு அது ஏற்றதல்ல. அக்ரிலிக் மலிவானது, பூச்சியும் தொடாது, ஆனால் ஒரு முறை சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டு போனது போனதுதான். ஆகவே சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் உள்ள நூல் கடைகளில் தேடி, 8 பிளை தடிமன் உள்ள பருத்தி நூலை வாங்கினோம். ஒவ்வொரு நிறத்திலும் எல்லா உருண்டைகளின் சாயத் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயமிட்டவை எவை என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கும்படி பார்த்து, கணக்குக்கு மேல் இரண்டு உருண்டைகளையும் சேர்த்து எடுத்தோம். அந்த உபரி பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது. ஊசி 4 மில்லிமீட்டர், மூங்கில், நடுவில் நீண்ட கம்பி உள்ள வட்ட ஊசி. போர்வையின் கனத்தை மடியில் விட்டுவிடலாம் என்பதாலும், எந்த முனையிலிருந்து வேண்டுமானாலும் வரிசையைத் தொடங்கலாம் என்பதாலும், தட்டையான பின்னலுக்கும் வட்ட ஊசியையே நான் பரிந்துரைப்பேன்.

மாதிரித் துண்டைப் பலரும் தவிர்க்கிறார்கள். பருத்தியில் அதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் துவைத்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். 15 சென்டிமீட்டர் சதுரம் பின்னி, போர்வையை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துவைத்து உலர்த்தி, விளிம்புகளை விட்டு நடுவில் 10 சென்டிமீட்டரை அளந்தோம். குறுக்கே 22 கண்ணி (ஊசியில் ஏறி நிற்கும் நூல் வளையம்), நெடுக்கே 30 வரிசை வந்தது. போர்வையின் அகலம் 40 சென்டிமீட்டர் என்பதால் 88 கண்ணி. இவற்றில் இரு ஓரங்களிலும் 6 கண்ணி மணிப்பின்னலாக, அதாவது ஒரு நிட் (முன்பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி), ஒரு பர்ல் (முன்பக்கம் மேடாக விழும் கண்ணி) என்று மாற்றி, அடுத்த வரிசையில் நிட் மேல் பர்ல் வரும்படியாகப் பின்னப்பட்டது. இந்த ஓரம் அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. ஒரு பக்கம் முழுக்க நிட்டும் மறுபக்கம் முழுக்க பர்லுமாக இருக்கும் துணியின் ஓரங்கள் பின்னோக்கிச் சுருளும், மேலும் கீழும் முன்னோக்கிச் சுருளும். இரு முகங்களிலும் கண்ணியின் இழுவிசை வேறுபடுவதே காரணம் என்பதால், எத்தனை முறை நனைத்து விரித்து ஊசி குத்தி உலர்த்தினாலும் சில நாளில் மீண்டும் சுருண்டுவிடும். நிட்டும் பர்லும் கலந்த ஓரம் இரண்டு பக்கத்து இழுப்பையும் சமன் செய்துவிடுகிறது. அடியிலும் எட்டு வரிசை மணிப்பின்னல் வைத்தே தொடங்கினோம்.

முதல் பட்டைகளைத் தம்பி மகள் பின்னினாள். பின்னலுக்குப் புதியவள் என்பதால், கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் சந்திக்கும் சிக்கல்கள் எங்களுக்கும் வந்தன. 88 கண்ணி 90 ஆனது. எண்ணிக்கை கூடினால் பெரும்பாலும் வரிசையின் முதல் கண்ணியைத்தான் பார்க்க வேண்டும். பின்னலைத் திருப்பும்போது நூல் ஊசியின் மேல் வழியாகப் பின்னே போய்விட்டால், முதல் கண்ணி இழுபட்டு அதன் இரண்டு கால்களும், அதாவது வளையத்தின் இரு பக்க இழைகளும், இரண்டு தனிக் கண்ணிகள்போல நிற்கும். பார்க்கிறவர் இரண்டையும் பின்னிவிடுவார். நூலை எப்போதும் ஊசிக்குக் கீழே தொங்கவிட்டுத் தொடங்கினால் இது நின்றுவிடும். நடுவில் கூடியிருந்தால், நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் ஊசியின் மேல் ஒரு சுற்று விழுந்திருக்கும். அதற்குக் கீழே ஒரு துளை காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு 20 கண்ணிக்கும் ஓர் அடையாள வளையம் மாட்டிவிட்டதால், எந்தப் பகுதியில் கூடியது என்று வரிசை முழுவதையும் எண்ணாமல் கண்டுபிடிக்க முடிந்தது.

நழுவிய கண்ணிதான் எல்லோரையும் பதற வைப்பது. கம்பளி கொஞ்சம் பிடித்து நிற்கும். பருத்திக்கு அந்தப் பிடிமானம் இல்லை, இழுத்தால் ஏணிபோலக் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆகவே முதல் வேலை, அவிழ்ந்த கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டி அங்கேயே நிறுத்துவது. பிறகு வழவழப்பான முகம் நம்மைப் பார்க்கும்படி திருப்பி, கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியை முன்னிருந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்து, அதற்கு நேர்மேலே கிடக்கும் முதல் படிநூலைக் கொக்கியில் பிடித்துக் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு வரிசை ஏறிவிடும். அடுத்த படி, அதற்கடுத்த படி என்று வரிசை மாறாமல் ஏற வேண்டும்; ஒரு படியை விட்டுவிட்டு மேலே போனால் பின்பக்கம் ஒரு நூல் தொங்கும். மணிப்பின்னல் ஓரத்தில் ஒவ்வொரு படிக்கும் துணியைத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும், பொறுமையாகச் செய்தால் வந்துவிடும். ஊசியில் திரும்ப ஏற்றும்போது கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இடது கால் முன்னால் இருந்து அப்படியே பின்னிவிட்டால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும். துணியில் அது ஒரு சிறு குறுக்கு முடிச்சாகத் தெரியும். திருப்பி மாட்ட நேரமில்லையென்றால் கண்ணியின் பின்காலில் ஊசி நுழைத்துப் பின்னினாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று, வரிசைகள் இரண்டிரண்டாகக் கூடிக் கோடு கோடாகத் தெரிந்தது. பர்ல் வரிசையில் அவள் கை தளர்ந்துவிடுகிறது. பருத்திக்கு நெகிழ்வு இல்லாததால் அந்தத் தளர்ச்சி அப்படியே வெளியே தெரிகிறது. கையை இறுக்கிப் பிடி என்று சொல்வதால் பயனில்லை, சிறிது நேரத்தில் விரல் வலிக்கும், பிறகு பழையபடிதான். முனைகளைக் கழற்றி மாற்றக்கூடிய வட்ட ஊசியில், பர்ல் வரிசையை ஏற்றிக்கொள்ளும் முனையை மட்டும் 3.75 மில்லிமீட்டராக மாற்றினோம். அடுத்த பட்டையிலேயே துணி சீராகிவிட்டது.

எங்கள் தலைமுறை வரை சான்றிதழ்கள் கையில் இருந்ததால் பின்னல் வேகமாக ஏறியது. அப்பாவின் தலைமுறையைத் தொட்டதும் ஊசி நின்றது, தாள்கள் வெளியே வந்தன.

நம்மவர்களின் குடும்ப வரலாற்றைத் தேடுவதில் உள்ள அடிப்படைச் சிக்கல், குடும்பப் பெயர் இல்லாததுதான். முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்ப வரும், சில சமயம் ஒரே காலத்தில் மூன்று பங்காளிகளுக்கு அதே பெயர் இருக்கும். போதாததற்கு, ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதப்பட்ட எழுத்துக்கூட்டு. எங்கள் தாத்தாவின் பெயர் அடையாள அட்டையில் ‘ஒய்’ (Y) எழுத்தில் முடிகிறது, அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ‘ஐ’ (I) எழுத்தில் முடிகிறது, சம்பளத் தாளில் நடுவில் ஓர் எழுத்து குறைகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் கிடைத்த எழுத்துக்கூட்டுகளையெல்லாம் நோட்டில் ஒரே இடத்தில் எழுதி வைத்து, எந்தப் பதிவைத் தேடினாலும் அத்தனையையும் போட்டுத் தேடினோம். பெயர் ஒத்துப்போவதை மட்டும் நாங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. தகப்பன் பெயர், ஊர், வயது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

சிங்கப்பூரில் அடையாள அட்டை 1948இல் வந்தது. அக்காலத்து முதியவர்களின் அட்டையில் பல வேளை பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், அதுவும் உத்தேசமாகச் சொன்னதாக இருக்கும். அதைவிட நம்பகமானது ஜாதகம். பெரியப்பாவின் ஜாதகத்தில் விஷு வருஷம் மாசி மாதம் என்று இருந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1941 ஏப்ரல் முதல் 1942 ஏப்ரல் வரை விஷு. மாசி என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ‘ஜப்பான்காரன் வந்தப்ப பொறந்தவன்’ என்று அப்பாயி (அப்பாவின் அம்மா) சொல்லிக்கொண்டிருந்ததாகப் பெரியத்தை சொன்னார். சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது 1942 பிப்ரவரி 15, மாசியின் தொடக்கம். ஜாதகமும் வாய்மொழியும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால் பெரியப்பாவுக்குத் துளையில்லாத பச்சைப் பட்டை. ஆனால் சுழற்சி அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. கொள்ளுத்தாத்தாவின் தலைமுறைக்குப் போகும்போது ஒரே வருஷப் பெயர் இரண்டு ஆண்டுகளைக் குறிக்கலாம், அவர் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் எது என்று தீர்க்க முடியும். திதி கொடுக்கும் வீடுகளில் இறந்த மாதமும் பட்சமும் திதியும் தவறாமல் நினைவிருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது. அதையும் எழுதிக்கொண்டோம், ஆண்டு வேறெங்காவது கிடைத்தால் நாளே கிடைத்துவிடும்.

தாத்தா எப்போது வந்தார் என்பதில் வீட்டுக்குள் இரண்டு கதைகள். கூலியாள் சேர்க்கும் கங்காணியோடு ஜொகூர்த் தோட்டத்துக்கு வந்தார் என்பதில் எல்லோரும் ஒன்று. பெரியத்தை 1940 என்கிறார். சித்தப்பாவோ செம்பவாங்கில் பெரிய டாக் திறந்த ஆண்டு என்று கேட்டதாகச் சொல்கிறார். அந்த டாக், அதாவது அங்கிருந்த கடற்படைத் தளத்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் பட்டறை 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்துவிட்டது. கங்காணி அழைத்து வந்தது உண்மையானால் சித்தப்பாவின் கதைதான் பொருந்துகிறது, 1940 பொருந்தவில்லை. இதை எழுத்து ஆதாரமாக நான் ஏற்கவில்லை, வலுவான அனுமானம் என்று மட்டும் நோட்டில் எழுதினேன். நாட்டு வரலாற்றின் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்மொழியைக் கேட்பது எவ்வளவு உதவும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம் பாட்டிமார்கள் ஆண்டைச் சொல்வதில்லை. யுத்தம், புக்கிட் ஹோ சுவீ தீ, 1964 கலவரம் என்று நிகழ்ச்சியைத்தான் சொல்வார்கள், அந்த நிகழ்ச்சிகளின் தேதி நமக்குத் தெரியும்.

தாத்தாவின் வரிசையைவிட அப்பாயியின் வரிசைதான் கடினம். பெண்களை அரசாங்கத் தாள்கள் மனைவி என்று மட்டும் குறிக்கின்றன; தாய்வீடு எது என்பதற்கு அங்கே இடமே இல்லை. எங்களுக்கு வழி காட்டியது பெரியத்தையின் கல்யாண மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்தியில் பென்சிலால் எழுதப்பட்ட அந்த நோட்டில், முதல் மொய் தாய்மாமனுடையது. அவர் பெயருக்கு முன்னால் அவர் ஊர். அப்பாயி பிறந்த ஊர் அங்கேதான் எழுத்தில் கிடைத்தது. தொடர்ந்து வரும் பெயர்களில் ஜொகூரிலிருந்து வந்தவர்கள், தஞ்சோங் பகாரில் இருந்தவர்கள், நேவல் பேஸ் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் என்று ஒரு காலத்துச் சொந்தமும் சிநேகமும் வரிசையாக நிற்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள், மொய் நோட்டைக் கடன் தீர்ந்ததும் கிழித்துப் போடுகிறார்கள். வீட்டில் இருந்தால் தயவுசெய்து கிழிக்காதீர்கள்.

ஊர்ப்பக்கத் தேடலை இங்கிருந்தே ஓரளவு செய்யலாம். தாத்தாவின் தாள்களில் தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா என்று இருந்தது. இன்று அது திருவாரூர் மாவட்டம், பழைய ஜில்லாவின் பெயரில் இணையத்தில் தேடினால் கிராமம் வராது. சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் தளத்தில் அ-பதிவேடு என்னும் நில விவரப் பதிவேட்டைப் பார்க்கலாம், நிலம் கைமாறிய பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். கிரயப் பத்திரங்களில் விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் தகப்பன் பெயரைச் சேர்த்தே எழுதுவது வழக்கம் என்பதால், நிலத்தில் நமக்குப் பங்கு இருக்கிறதோ இல்லையோ, வம்சத்தில் ஒரு படி ஏற அது போதும். கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் அப்படித்தான் கிடைத்தது. நிலமே இல்லாத குடும்பங்களுக்குக் குலதெய்வக் கோயில்தான் பதிவேடு. வரி கொடுக்கும் பங்காளிகளின் பட்டியல் பூசாரியிடமோ நாட்டாமையிடமோ இருக்கும்.

இதற்கிடையில் துளை வரிசைகள். ஓரங்களை விட்டால் நடுவில் 76 கண்ணி. இரண்டு நிட், பிறகு இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், பிறகு நூலை ஊசியின் மேல் ஒரு சுற்று. இந்த நான்கு கண்ணிக் கட்டு 19 முறை வந்தால் 76 சரியாக முடியும், எண்ணிக்கை மாறாது. மேல்சுற்று ஒன்று விட்டுப்போயிருந்தால் திரும்பும் வரிசையில் ஒரு கண்ணி குறையும். அந்த இடத்தில் இரண்டு கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் நூலை இடது ஊசியால் தூக்கிப் பின்னினால் போதும், துளை சற்றுச் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். துளை வரிசைக்கு முன்பாக ஓர் உயிர்நூலும் ஓட்டிவிட்டோம். ஊசியில் உள்ள கண்ணிகள் அனைத்தின் ஊடாகவும் மெல்லிய வேற்று நிற நூல் ஒன்றைத் தையலூசியால் கோத்துவிடுவதுதான் அது. மேலே எது தவறினாலும் பிரிப்பு அந்த நூலில் வந்து நின்றுவிடும், கண்ணிகள் சிதறாது. அடையாள வளையங்களை மட்டும் அந்த நூலில் சேர்த்துக் கோத்துவிடக் கூடாது.

பெரியப்பாவின் பச்சைப் பட்டையைத் தாண்டி, தாத்தாவின் செங்கல் நிறத்தில் பாதி ஏறியிருந்தபோது அந்தக் கடிதம் கிடைத்தது. பெரியத்தை வீட்டு டிரங்குப் பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே இருந்தது. கொள்ளுத்தாத்தா ஊரிலிருந்து எழுதியது. தம்பி மகளால் படிக்க முடியவில்லை. ‘லை’, ‘ணை’ எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருந்தன, தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை புழங்கிய வடிவம். தலைப்பில் வருஷம், மாதம், தேதி மூன்றும் பழைய குறிகளில். விய வருஷம் ஆவணி, அதாவது 1946 ஆகஸ்ட்டும் செப்டம்பரும் சேர்ந்த மாதம். நலம் விசாரித்த பிறகு, பெண் குழந்தை தங்காமல் போனதைக் குறித்து மருமகள் மனம் விட்டுவிட வேண்டாம் என்று இரண்டு வரி. பெரியத்தையிடம் படித்துக் காட்டினேன். ‘ஆமா, எனக்கு முன்னால ஒரு பொம்பளப் புள்ள, மாசம்கூட ஆவலன்னு அம்மா சொல்லும்’ என்றார். யாரும் கேட்காததால் இதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான். பெற்றோர் பெயரையும் உத்தேச ஆண்டையும் கொண்டு, குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் பதிவேட்டுச் சாற்றுக்கு விண்ணப்பித்தோம். தாத்தாவின் பெயர் மூன்றாவது எழுத்துக்கூட்டில் அகப்பட்டது. குழந்தை பிறந்தது சிங்கப்பூரில், பெயர் எழுதும் இடம் காலி.

எழுத்து ஆதாரம் இரண்டு. விதிப்படி அந்தக் குழந்தைக்கு நீலத்தில் இரண்டு வரிசை, அதற்குப் பிறகு வெள்ளை இரண்டு வரிசை, பெரியத்தைக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில். பச்சைப் பட்டை முழுவதையும் பிரித்து மறுபடி பின்னலாம்தான். ஆனால் பருத்தி நூலைப் பிரித்தால் இழை கிளம்பி, மறுபடி பின்னும்போது பழசாகத் தெரியும். ஆகவே வெட்டி நடுவில் செருகி ஒட்டுப்போடுவதென்று தீர்மானித்தோம்.

பெரியத்தையின் பட்டைக்கு மேலே உள்ள வெள்ளை வரிசைகளில் இரண்டாவதை எடுக்க வேண்டும். முதலில் அந்த வரிசையின் ஓரத்தில் புதைத்திருந்த நூல் நுனியைத் தேடி வெளியே எடுத்தோம். பிறகு அதற்குக் கீழே உள்ள வெள்ளை வரிசையில் ஒவ்வொரு கண்ணியின் வலது காலிலும் மெல்லிய ஊசியை நுழைத்து 88 கண்ணியையும் ஏற்றிக்கொண்டோம். அதற்கு மேலே உள்ள முதல் பச்சை வரிசையிலும் அப்படியே இன்னோர் ஊசி. இரண்டு ஊசிக்கும் நடுவே ஒரே ஒரு வெள்ளை வரிசை சிறைப்பட்டுக் கிடந்தது. வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மேசைமேல் விரித்து, வரிசையின் நடுக் கண்ணியின் ஒரு காலைக் கத்தரி நுனியால் தூக்கி வெட்டினேன். தம்பி மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அவிழவில்லை, கண்ணி பக்கவாட்டில் தானாக ஓடாது, இழுத்தால்தான் வரும். மழுங்கிய தையலூசியால் வெட்டிய நுனியை ஒவ்வொரு கண்ணியாக வெளியே இழுத்து நடுவிலிருந்து வலது ஓரம் வரை, பிறகு நடுவிலிருந்து இடது ஓரம் வரை போனால், துணி இரண்டு துண்டாகிக் கைக்கு வந்தது. மேல் துண்டின் கண்ணிகளைக் கீழிருந்து எண்ணும்போது 87தான் வரும், ஓரத்தில் அரைக் கண்ணி ஒன்று இருக்கும். கண்ணிகளின் தலைகீழ் வளைவுகள் கண்ணிகளுக்கு நடுவில் அமைவதால் இது இயல்பு. அந்த அரைக் கண்ணியையும் ஊசியில் மாட்டி 88 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

கீழ்த்துண்டில் வெள்ளை ஒரு வரிசை, நீலம் இரண்டு, மறுபடி வெள்ளை ஒன்று பின்னினோம். வாங்கி வைத்த உபரி உருண்டையில் அதே சாயத் தொகுதியின் நீலம் இருந்தது. கடைசி வெள்ளை வரிசையை ஊசியால் பின்ன முடியாது, தையலூசியால்தான் உருவாக்க வேண்டும். அதுவே இரு துண்டையும் ஒட்டும் வரிசை. அகலத்தைப்போல் நான்கு மடங்கு, 160 சென்டிமீட்டர் நூலை விட்டு வெட்டி, இரண்டு ஊசிகளையும் இணையாகப் பிடித்து, பர்ல் முகங்கள் உள்ளே இருக்கும்படி வைத்தோம். தொடக்கத்தில் முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போலவும் பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் போலவும் நுழைத்து, கழற்றாமல் விட வேண்டும். அதன் பிறகு ஒரே சுழற்சிதான்: முன் ஊசியில் நிட் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் பர்ல் போல நுழைத்து விடு, பின் ஊசியில் பர்ல் போல நுழைத்துக் கழற்று, அடுத்ததில் நிட் போல நுழைத்து விடு. தம்பி மகள் இதைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். இறுக்கத்தைத் தைக்கும்போது பார்க்கக் கூடாது, தளர்வாகவே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கண்ணி ஆனதும் திரும்பி வந்து, ஊசி முனையால் ஒவ்வொரு காலையும் தூக்கி அக்கம்பக்கத்துக் கண்ணிகளின் அளவுக்குச் சரிசெய்தால், தைத்த வரிசை எது பின்னிய வரிசை எது என்று தெரியாது. ஓரத்து மணிப்பின்னலில் மட்டும் அந்த ஒரு வரிசை வழவழப்பாக இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். அதை மறைக்க நான் எதுவும் செய்யவில்லை.

நுனிகளைப் பொறுத்தவரை, பருத்தியில் முடிச்சு போட்டால் துவைக்கும்போது முடிச்சு முன்பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு நிற மாற்றத்திலும் 15 சென்டிமீட்டர் விட்டு, பின்பக்கத்தில் அதே நிறப் பட்டைக்குள் ஒரு திசையில் சாய்வாகக் கொஞ்ச தூரம் கோத்து, திரும்பி எதிர்த்திசையிலும் கோத்துவிட வேண்டும். ஒரே திசையில் கோத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வெட்டிய வரிசையிலிருந்து எடுத்த நூலையும் வீணாக்காமல், அந்தக் குழந்தையின் பக்கத்தில் நோட்டுக்குள் ஒட்டி வைத்தோம்.

துவைத்த பிறகு நம் வீட்டு வழக்கப்படி மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடக் கூடாது. ஈரப் பருத்தியின் கனத்தில் போர்வை நீண்டு, அகலம் குறுகிவிடும். துண்டில் சுருட்டி மிதித்து நீரை எடுத்து, உலர்ந்த துண்டின்மேல் தட்டையாக விரித்து, 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்துச் சரிசெய்து, விசிறிக்குக் கீழே விட்டோம். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகும், நடுவில் ஒரு முறை புரட்டிப்போட வேண்டும்; இல்லாவிட்டால் அடிப்பக்கம் வாடை வந்துவிடும்.

கொள்ளுத்தாத்தாவுக்கு இப்போதைக்குத் துளை வரிசையோடு ஒரு பட்டை இருக்கிறது. அவருடைய தகப்பனாரின் பெயர் பத்திரத்தில் கிடைத்தாலும், பிறந்த காலமும் இறந்த காலமும் எதிலும் இல்லாததால் எத்தனை வரிசை என்று கணக்கிட வழியில்லை. நோட்டில் பக்கம் திறந்து பெயரை மட்டும் எழுதியிருக்கிறோம். பங்குனி உத்திரத்துக்குத் தம்பி குடும்பத்தோடு ஊருக்குப் போகிறான். குலதெய்வக் கோயிலில் பங்காளிகளின் பட்டியலைப் படம் எடுத்து வருவதும், அப்பாயியின் தாய்வீட்டு ஊரில் அந்தத் தாய்மாமனின் பிள்ளைகளைத் தேடுவதும் தம்பி மகளின் பொறுப்பு. அதுவரை மேல் விளிம்பின் 88 கண்ணிகளை ஊசியில் விடாமல் ஒரு நூலுக்கு மாற்றியிருக்கிறோம். நெடுநாள் ஊசியில் கிடந்தால் அந்த வரிசை விரிந்து கோடாகத் தெரியும். அதற்கு எடுக்கும் நூல் வழவழப்பான வெள்ளைப் பருத்தியாக இருப்பது நல்லது, ஏனென்றால் சாயநூல் ஈரத்தில் கறை விடும், ரோமம் உள்ள நூலை உருவும்போது பிசிறுகள் கண்ணிகளிலேயே தங்கிவிடும்.